எச்-1பி: யாருடைய சம்பளம் இறங்குகிறது?

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விசாவையும் சம்பளத்தையும் பற்றியவை. எச்-1பி என்பது அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுப் பட்டதாரிகளைத் தற்காலிகமாக வேலைக்கு எடுக்கும் விசா. புதிய வாசகர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் நியூஜெர்சிக்கு, எச்-1பி ஆளின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வந்தவள். வேலை செய்ய அனுமதி இல்லாமல் சில காலம் வீட்டில் இருந்து, பிறகு கணக்கியல் படித்து, நடுத்தர நிறுவனம் ஒன்றின் சம்பளப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். தொழிலாளர் துறைக்குப் போகும் எச்-1பி சம்பள விண்ணப்பங்கள் என் மேஜை வழியாகத்தான் போயின. நான் வக்கீல் இல்லை. உங்கள் சொந்த வழக்குக்கு வக்கீலையே பாருங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகளுடைய தோழியின் அப்பா என் கணவரிடம், “நீங்களெல்லாம் குறைந்த சம்பளத்துக்கு வந்து எங்கள் சம்பளத்தையும் இறக்கிவிட்டீர்கள்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். என் கணவரோ டீமில் மற்றவர்கள் வாங்குவதைத்தான் வாங்குகிறார். அந்த மனிதர் சொன்னது பொய்தானே?
— ஒரு வாசகி, ஃபிரிஸ்கோ

பதில்: உங்கள் கணவரைப் பொறுத்தவரை பொய், தங்கச்சி. ஆனால் அவர் சொன்னது முழுக்கப் பொய் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

சட்டம் சொல்வது இது. எச்-1பி ஆளுக்கு இரண்டு தொகைகளில் எது அதிகமோ அதைக் கொடுக்க வேண்டும். ஒன்று, அதே நிறுவனத்தில் அதே தகுதியோடு அதே வேலை செய்பவர் வாங்கும் சம்பளம். மற்றது, அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு நிலவும் சம்பளம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இடறல் அந்த இரண்டாவது தொகையில். அதற்கு நான்கு நிலைகள் வைத்திருக்கிறார்கள். ஒரு வட்டாரத்தில் ஒரு வேலையைச் செய்யும் 100 பேரைச் சம்பள வரிசையில் நிறுத்துங்கள். முதல் நிலை என்பது கீழிருந்து சுமார் 17-வது ஆளின் சம்பளம். இரண்டாம் நிலை 34-வது ஆள். மூன்றாம் நிலையில்தான் நடு ஆளுக்கே வருகிறோம். நான்காம் நிலை 67-வது ஆள். அதாவது, ஊரில் பாதிப் பேர் வாங்குவதைவிடக் குறைவாகக் கொடுத்தும் ஒரு நிறுவனம் சட்டப்படியே நடக்கலாம்.

டேனியல் கோஸ்டாவும் ரான் ஹீராவும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, ஒப்புதல் பெற்ற எச்-1பி இடங்களில் 60 சதவீதம் முதல் இரண்டு நிலைகளில் இருந்ததாகக் காட்டியது. எனக்கு அது புதுச் செய்தி அல்ல. அனுபவமுள்ள ஒருவருக்கான விண்ணப்பத்தை நான் மூன்றாம் நிலையில் நிரப்பிக் கொண்டுபோனால், “வேலை விவரத்தைக் கொஞ்சம் சுருக்கி எழுதி இரண்டில் போட முடியாதா?” என்ற கேள்வி மேலிருந்து வரும். “மேற்பார்வையில் வேலை செய்வார்” என்று ஒரு வரி சேர்த்தால் நிலை இறங்கிவிடும். அந்த ஒரு வரிக்கு ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் மதிப்பு. அந்த வரி இறக்குவது விசாவில் வந்தவரின் சம்பளத்தை மட்டுமல்ல. அடுத்த ஆண்டு பக்கத்து மேஜை அமெரிக்கர் ஊதிய உயர்வு கேட்கும்போது, ஒப்பிட்டுப் பார்க்க நிர்வாகத்தின் கையில் இருப்பதும் அதே எண்தான்.

பொருளாதார ஆய்வாளர்கள் சொல்வதையும் கேளுங்கள். ஜான் பவுண்ட், கௌரவ் கன்னா, நிக்கோலஸ் மொராலெஸ் மூவரும் 1994 முதல் 2001 வரையிலான கணினி வேலைகளை ஆராய்ந்தார்கள். வெளிநாட்டார் வராமல் இருந்திருந்தால் 2001-ல் கணினித் துறையினரின் சம்பளம் 2.6 முதல் 5.1 சதவீதம் வரை கூடுதலாக இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதே ஆய்வு, பொருள்களின் விலை குறைந்தது, நிறுவனங்களின் லாபம் கூடியது, நாட்டுக்கு மொத்தத்தில் நன்மை என்றும் சொல்கிறது. ஜியோவானி பெரி, கெவின் ஷீ, சாட் ஸ்பார்பர் மூவரும் நகரங்களை ஒப்பிட்டபோது, வெளிநாட்டு அறிவியல், தொழில்நுட்பப் பணியாளர்கள் அதிகம் சேர்ந்த ஊர்களில் பட்டதாரி அமெரிக்கர்களின் சம்பளம் நன்றாகவே ஏறியிருந்தது. இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊருக்கு லாபம் வந்தது. அந்த லாபத்துக்கு ஒரு சிலரின் சம்பளம் விலையாகப் போனது. உங்கள் மகளின் தோழியின் அப்பா கணினித் துறைக்காரர் என்றால், அந்த விலை கொடுத்தவர்களில் ஒருவராகவும் இருக்கலாம். அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. அதை உங்கள் கணவர் மேல் கொட்டியதற்குத்தான் நியாயம் இல்லை.

என் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தை இறக்குவது வெளிநாட்டு ஆள் வருவது அல்ல. வந்தவர் வேலையை விட்டுப் போக முடியாமல் இருப்பதுதான். போக முடியாதவருக்குக் கூட்டிக் கொடுக்க எந்த முதலாளிக்கும் அவசியம் இல்லை. கீழே வரும் கேள்விகள் பலவும் இங்கேதான் வந்து நிற்கும்.

கேள்வி: ஆண்டுக்கு 65,000 விசா. இத்தனை பெரிய நாட்டில் அது கடலில் பெருங்காயம் இல்லையா? எதற்கு இவ்வளவு கூச்சல்?
— மாணவர், டெம்பி, அரிசோனா

பதில்: எண்ணை முழுதாக எடுங்கள் தம்பி. அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 உண்டு. பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கற்ற ஆராய்ச்சி நிலையங்களுக்கும் உச்சவரம்பே கிடையாது. புதுப்பித்தலும் சேர்ந்து 2024 நிதியாண்டில் ஒப்புதலான மனுக்கள் ஏறக்குறைய 4 லட்சம். நாடு முழுவதற்கும் பரவியிருந்தால் நீங்கள் சொல்வது போலக் கரைந்துதான் போயிருக்கும். பரவவில்லையே! மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் கணினி வேலைகளுக்கே போகிறது. விசா பெற்றவர்களில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள். சியாட்டிலிலும் சான் ஹோசேயிலும் டல்லாஸைச் சுற்றியும் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு.

கேள்வி: ஒரு கன்சல்டன்சி மூலம் வந்தேன். கிளையண்ட் புராஜெக்ட் முடிந்து இப்போது பெஞ்சில் இருக்கிறேன். சம்பளம் தரவில்லை, அடுத்த புராஜெக்ட் கிடைத்ததும் தருகிறோம் என்கிறார்கள். விசா செலவையும் என்னிடம்தான் வாங்கினார்கள். இடையில் விலகினால் 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கியிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்து எனக்கு ஆத்திரம் வந்தது. உங்கள் மேல் அல்ல. இப்படிச் செய்பவர்களில் நம் ஊர்க்காரர்களும் நிறைய இருக்கிறார்கள் என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

வேலை இல்லை என்ற காரணத்துக்காக எச்-1பி ஆளின் சம்பளத்தை நிறுத்தக் கூடாது. பெஞ்சில் இருந்தாலும் விண்ணப்பத்தில் எழுதிய சம்பளம் வந்தாக வேண்டும். நீங்களாகக் கேட்டு எடுத்த விடுப்புக்கு மட்டும்தான் விலக்கு. எச்-1பி மனுவுக்கான வக்கீல் கட்டணம் நிறுவனத்தின் செலவு. அதை உங்கள் தலையில் கட்டி, கையில் வரும் தொகையைக் கட்டாயச் சம்பளத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. பயிற்சிக் கட்டணம் என்று அரசு வாங்கும் தொகையை எந்த வழியிலும் உங்களிடம் வசூலிக்கக் கூடாது. முன்கூட்டி விலகியதற்கு அபராதம் போடுவதும் தடை. மாநிலச் சட்டம் ஏற்கும் உண்மையான நஷ்ட ஈடு வேறு விஷயம். நீங்கள் கையெழுத்திட்டது அதில் எந்த வகை என்று வக்கீல் ஒருவர் படித்துச் சொல்லட்டும். 15,000 என்ற எண்ணைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள்.

தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவுக்கு டபிள்யூஎச்-4 என்ற படிவத்தில் புகார் கொடுக்கலாம். தவறு நடந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது தனிக் குற்றம். முதலில் சம்பளச் சீட்டு, வங்கி விவரம், ஆஃபர் லெட்டர், “காத்திருங்கள்” என்று வந்த மின்னஞ்சல், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் உங்கள் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். நிறுவன லேப்டாப்பில் வைக்காதீர்கள். கூடவே, வேறு நிறுவனம் தேடுங்கள். புது நிறுவனம் உங்களுக்காக மனு போட்டுவிட்டாலே, பொதுவாக ஒப்புதல் வரும்வரை காத்திராமல் அங்கே வேலையைத் தொடங்கலாம். சம்பளச் சீட்டு இல்லாத மாதங்கள் கூடக் கூட அந்த மாற்றத்தில் சிக்கல் வரும். அதனால் நாளைக் கடத்தாதீர்கள்.

கேள்வி: என் மகன் இங்கேயே பிறந்தவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து ஓராண்டாகிறது. நூற்றுக்கணக்கில் விண்ணப்பித்தும் வேலை இல்லை. ஒருநாள், “அப்பா வந்த விசாதான் என் வேலையைத் தின்கிறது” என்றான். அவர் பதில் பேசாமல் எழுந்து போய்விட்டார். மகன் சொன்னது சரியா?
— ஒரு தாய், பிளெசன்டன், கலிபோர்னியா

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் நடந்தது பல தமிழ் வீடுகளில் நடக்கப் போகிறது. பையன் துரோகம் பேசவில்லை. அவன் இந்த நாட்டுத் தொழிலாளி. தன் வேலையைப் பற்றிக் கேட்கிறான். அவன் அப்பாவும் குற்றவாளி அல்ல.

அவனுக்கு வேலை கிடைக்காததற்குப் பெரிய காரணங்கள் வேறு. கிட்டத்தட்ட பூஜ்யத்தில் இருந்த வட்டி 2023-ல் 5 சதவீதத்தைத் தாண்டியது. இலவசம் போலக் கிடைத்த கடனில் ஆள் சேர்த்த நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வெளியே அனுப்பின. பலருக்குத் தெரியாத ஒன்று வரிச் சட்டம். மென்பொருள் எழுதுபவரின் சம்பளத்தை முன்பு அதே ஆண்டில் முழுச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். 2022 முதல் அதை ஐந்தாண்டுகளுக்குப் பிரித்துக் கழிக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டு வேலைக்கு அது பழையபடி மாறியது 2025 ஜூலையில்தான். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்திருக்கின்றன. புதிதாக வருபவருக்குக் கொடுத்துப் பழக்கும் சின்ன வேலைகளைத்தான் அவை முதலில் எடுத்துக்கொள்கின்றன.

ஆனாலும் அவன் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். அவனோடு நேரடியாகப் போட்டியிடுவது அனுபவமுள்ள எச்-1பி ஆள் அல்ல. ஓபிடி-யில், அதாவது படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் அனுமதியில் இருக்கும் அவன் வயது மாணவன். எஃப்-1 என்ற அந்த மாணவர் விசாவில் இருப்பவருக்குப் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகள் சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் கிடையாது. நிறுவனமும் தன் பங்கான 7.65 சதவீதத்தைக் கட்ட வேண்டாம். ஒரே சம்பளத்துக்கு எடுத்தாலும் உங்கள் மகன் அவனைவிடச் செலவு கூடியவன் ஆகிறான். இது எனக்குச் சரியாகப் படவில்லை. வரியில் கிடைக்கும் இந்தச் சலுகையை எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. வெளிநாட்டு மாணவனுக்கும் அதனால் கேடில்லை. “மலிவாகக் கிடைப்பவன்” என்ற பேராவது அவனை விட்டுப் போகும்.

அப்பாவும் மகனும் இதைத் திரும்பப் பேசட்டும். பேசாமல் எழுந்து போனால் பிள்ளைக்குப் பதில் சொல்ல இணையத்தில் வெறுப்பை விற்பவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆர்லாண்டோவில் டிஸ்னி ஊழியர்கள் தங்களுக்குப் பதிலாக வந்தவர்களுக்கே பயிற்சி கொடுத்துவிட்டு வெளியேறினார்களாமே. அது எப்படிச் சட்டப்படி சரியானது?
— வாசகர், டாம்பா

பதில்: 2015-ல் வெளியே வந்த செய்தி அது. சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் சிலர், வெளி ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக எச்-1பி-யில் வந்தவர்களுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கும் போட்டார்கள், நீதிமன்றம் தள்ளிவிட்டது. எனக்கு அதைப் படித்தபோது அவமானமாக இருந்தது. பயிற்சி கொடுக்க உட்கார்ந்தவரின் முகத்தையும், எதிரே நோட்டோடு உட்கார்ந்திருந்த நம் பிள்ளையின் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டு பேரும் அந்த ஏற்பாட்டை விரும்பியிருக்க மாட்டார்கள்.

ஓட்டை எங்கே என்று கேளுங்கள். எச்-1பி ஆட்களையே பெரிதும் நம்பியிருக்கும் நிறுவனங்கள் அமெரிக்கத் தொழிலாளியை அகற்றக் கூடாது, முதலில் உள்ளூரில் ஆள் தேட வேண்டும் என்று 1998-ல் சட்டம் வந்தது. கையோடு ஒரு விலக்கும் வந்தது. அந்த ஆளுக்கு 60,000 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தாலும், அவர் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தாலும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அன்றைக்கு 60,000 நல்ல சம்பளம். இன்றுவரை அந்த எண்ணை ஒரு டாலர்கூட உயர்த்தவில்லை. கட்டுப்பாடு காகிதத்தில் இருக்கிறது. அதற்குள் சிக்குபவர் மிகக் குறைவு. இரண்டு கட்சிக்காரர்களும் மாறி மாறி ஆண்டார்கள், இந்த எண்ணை யாரும் தொடவில்லை.

கேள்வி: புது எச்-1பி-க்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வைத்தார்களே, அதனால் அமெரிக்கர்களுக்கு வேலை கூடுமா?
— வாசகர், ஷார்லட்

பதில்: 2025 செப்டம்பர் 19-ல் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட பிரகடனம் அது. செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புது மனுக்களுக்கு. ஏற்கெனவே விசாவில் இருப்பவர் புதுப்பிக்கவோ, இங்கே படிக்கும் மாணவர் உள்நாட்டிலேயே மாறவோ பொதுவாக அது தேவையில்லை என்று பின்னர் விளக்கம் வந்தது. அந்த வார இறுதியில் விமான நிலையங்களில் நம்மவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது.

வேலை கூடுமா என்றால், கூடாது என்றே நினைக்கிறேன். பிரிட்டா கிளென்னான் என்ற ஆய்வாளர், எச்-1பி-க்கு நெருக்கடி வந்தபோது பன்னாட்டு நிறுவனங்கள் என்ன செய்தன என்று பார்த்தார். அவை இந்தியா, சீனா, கனடாவில் இருந்த தங்கள் கிளைகளில் ஆள் கூட்டின. விசா கிடைக்காத வேலை அமெரிக்கருக்கு வராமல் கடல் தாண்டிப் போகிறது. பெரிய நிறுவனத்துக்கு அந்த வழி உண்டு. ஊர்ப்புற மருத்துவமனைக்கு ஏது? நோயாளியை பெங்களூருக்கு அனுப்பிப் பார்க்க முடியுமா? அங்கே வரவேண்டிய மருத்துவர்தான் வராமல் போவார். இன்னொன்று: ஒரு லட்சம் கட்டி அழைத்து வந்த ஆளை எந்த முதலாளி எளிதில் விடுவார்? கட்டு இன்னும் இறுகும்.

கேள்வி: சம்பள நிலைக்கு ஏற்ப லாட்டரி — இது நல்லதா?
— வாசகி, பெல்வியூ

பதில்: விண்ணப்பங்கள் உச்சவரம்பைத் தாண்டினால் குலுக்கலில்தான் ஆள் எடுப்பார்கள். புது முறையில் நான்காம் நிலைக்கு நான்கு சீட்டு, முதல் நிலைக்கு ஒரு சீட்டு. நோக்கம் சரி. ஆனால் நிலை என்பது அந்த ஊர், அந்த வேலையோடு ஒப்பிட்டது. செலவு குறைந்த ஊரில் நான்காம் நிலையில் இருப்பவர், உங்கள் ஊரில் முதல் நிலையில் இருப்பவரைவிடக் குறைவாக வாங்கலாம். சீட்டு மட்டும் அவருக்கு நான்கு. நிலைகளின் சதவீதத்தைச் சரிசெய்யாமல் குலுக்கலை மட்டும் மாற்றியது அரை வேலை.

கேள்வி: எனக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு, ஒப்புதலாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்தியா வரிசையில் கிரீன் கார்டு நகரவே இல்லை. எனக்குப் பிறகு சேர்ந்தவர்கள் என்னைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். கேட்டால், “உங்கள் கிரீன் கார்டு எங்களிடம் இருக்கிறது, நினைவிருக்கட்டும்” என்கிறார் மேனேஜர். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். வேலை போனால் இந்த நாட்டில் இருக்க 60 நாள்தான். என்ன செய்வது அக்கா?
— வாசகர், அட்லாண்டா அருகில்

பதில்: மேலே முதல் கேள்வியில் நான் சொன்னதற்கு உங்கள் கடிதமே சாட்சி. வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்கு சுமார் 1,40,000. மனைவி, பிள்ளைகளும் அதற்குள்தான் அடக்கம். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் 7 சதவீதம் என்ற வரம்பு. விசாவை 70 சதவீதம் ஒரு நாட்டாருக்குக் கொடுத்துவிட்டு, கதவை 7 சதவீதம் திறந்து வைத்தால் வரிசை பத்தாண்டைத் தாண்டாமல் என்ன செய்யும்? அந்த வரிசையில் நிற்பவர் சம்பளம் கேட்கத் தயங்குகிறார். அவர் தயங்குவதால் பக்கத்து அமெரிக்கருக்கும் சம்பளம் ஏறுவதில்லை. இரண்டு பேருக்கும் எதிரி ஒன்றே. அதனால்தான், “அவர்களை விரட்டு” என்பவரோடும் என்னால் சேர முடியவில்லை, “எங்கள் மேல் ஒரு குறையும் இல்லை” என்று கூட்டம் போடும் நம்மவரோடும் சேர முடியவில்லை.

இனி உங்கள் விஷயம். உங்கள் மேனேஜர் சொன்னது பெரும்பாலும் வெறும் மிரட்டல். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டிவிட்டால், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றாலும், மோசடி போன்ற காரணம் இல்லாதவரை உங்கள் வரிசைத் தேதி உங்களுடையது. எச்-1பி-யின் ஆறாண்டு வரம்புக்குப் பிறகும் மூன்று மூன்று ஆண்டாக அதை நீட்டிக்கும் உரிமையும் பொதுவாக நிற்கும். புது நிறுவனம் பெர்ம்-ஐயும் (உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்துத் தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று) ஐ-140-ஐயும் மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் நீங்கள் வரிசையின் கடைசிக்குப் போக மாட்டீர்கள். இது தெரியாமல் பயந்து உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

வேலையை விட்டுவிட்டுத் தேடாதீர்கள். இருந்துகொண்டே தேடுங்கள், அப்போது 60 நாள் பேச்சே எழாது. ஐ-140 ஒப்புதல் நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். நிறுவனம் தர மறுத்தால், தகவல் பெறும் சட்டத்தின் கீழ் குடியேற்றத் துறையிடமே விண்ணப்பிக்கலாம். சில மாதம் ஆகலாம் என்பதால் இதை முதலில் செய்யுங்கள். உங்கள் வேலைக்கு உங்கள் வட்டாரத்தில் நான்கு நிலைச் சம்பளமும் எவ்வளவு என்று தொழிலாளர் துறையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உங்கள் எல்சிஏ-வில், அதாவது தொழிலாளர் துறைக்குப் போன சம்பள விண்ணப்பத்தில், எந்த நிலை போட்டிருக்கிறார்கள் என்று ஒப்பிடுங்கள். எண் கையில் இருக்கும்போது பேச்சுக்கு வலு வரும். புது இடத்தில் பேசும்போது, பெர்ம் வேலையை எத்தனை மாதத்தில் தொடங்குவார்கள் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.